காட்டுவதற்காக வைத்த கைநாட்டு

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். திருவட்டாறுக்கு மேற்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பகலில் சின்னப் பிள்ளைகள் படிக்கிற அந்த வகுப்பில்தான் சாயங்காலம் எங்களைப் போன்ற வயசாளிகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. தம்பிமாரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் அண்டியாபீசுக்குப் போனேன். முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்தக் காலத்திலும் கைநாட்டு வைத்தவள் இல்லை. கூலி வாங்கும் இடத்திலும் சரி, பாங்கிலும் சரி, ஒப்புதான். கையெழுத்துக்கு நாங்கள் ஒப்பு என்போம். இப்போது ரேஷன் கடையில் மெஷினில் விரலை வைக்கச் சொல்கிறார்கள், அது கலெக்டரே வந்தாலும் வைக்கத்தான் வேண்டும். பைபிளும் வாசிப்பேன். வேகம் கிடையாது. நீளமான வார்த்தை வந்தால் கொஞ்சம் நின்று, மூச்சு வாங்கி, பிறகு போவேன்.

பின்னே எதற்கு வகுப்புக்குப் போனாய் என்று கேட்பீர்கள். எங்கள் சபையில் வருடத்துக்கு ஒரு ஞாயிறு பெண்கள் ஞாயிறு. அன்றைக்கு ஆராதனை முழுவதும் பெண்கள்தான் நடத்துவார்கள். போதகர்கூட கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அதில் வேதபாடம் வாசிக்க ஒவ்வொரு வருடமும் ஒரு பகுதியில் இருந்து ஒருத்தியைச் சொல்வார்கள். அந்த வருடம் எங்கள் பகுதியின் முறை. என் பெயரைச் சொன்னார்கள், நானும் சரி என்றேன். இத்தனை வருடமாகச் சபையில் இருந்தும் ஒரு தடவைகூட முன்னால் போய் நின்று வாசித்தது இல்லை. தட்டுத்தடுமாறாமல் வாசிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

எங்கள் டீச்சர் உள்ளூர்ப் பெண், நல்ல பிள்ளை. வகுப்பில் பெரிய டிவி ஒன்று மாட்டியிருந்தார்கள். அவளுக்கு அதைத் தொடவே பயம். தூசி படாமல் பழைய சேலையைப் போட்டு மூடி வைத்திருந்தாள். நாங்கள் கிண்டல் செய்வோம்.

"டீச்சரே, அதுக்கு இன்னும் வெளிச்சம் காட்டலியா?"

"சும்மா இரிங்க. கெட்டுப்போனா எனக்க தலையிலதான் விடியும்" என்பாள்.

அப்போதுதான் ஒரு மேடம் வந்தார். வெளியூர்க்காரர். டீச்சர்களுக்கு டிவி, போன், வீடியோ இதையெல்லாம் வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறவர். பொறுமைசாலி, அதை நான் மறைக்க மாட்டேன். எங்கள் டீச்சரின் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தார். யூடியூப்பில் எழுத்து எழுதுகிற வீடியோவைப் போட்டு, எங்கே வளைகிறது எங்கே சுழிகிறது என்று நிறுத்தி நிறுத்திக் காட்டலாம். புரியாவிட்டால் திரும்பவும் போடலாம். ஒரு வாரத்தில் டீச்சர் சேலையை எடுத்து மடித்து வைத்துவிட்டாள். எங்களுக்கும் நல்ல பிரயோஜனம் இருந்தது. ஒரே ஒரு சங்கடம், அந்த வீடியோவெல்லாம் சின்னக் குழந்தைகளுக்கு எடுத்தது. யானை வந்து ஆடும், குரங்கு கை தட்டும். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் ஒருநாள், "ஏட்டி, பேரப்பிள்ள எடுக்கவேண்டிய வயசுல நம்மள எல்கேஜில கொண்டு இருத்திட்டாவளே" என்றாள். வகுப்பே சிரித்தது.

மேடமும் சிரித்தார். "அப்போ நாமே ஒரு வீடியோ எடுப்போம். உங்க ஊர், உங்க முகம், உங்க பேச்சு" என்றார். நல்ல யோசனைதான், எல்லோருக்கும் பிடித்தது.

எடுக்கிற அன்று டீச்சர் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி சேலை கட்டி வந்தாள். அவள் செய்கிற முதல் வீடியோ. மேடம் ஒரு ஸ்டாண்டில் போனை நிறுத்தினார். பிறகு மை டப்பாவை எடுத்து மேசையில் வைத்து, அந்தக் காலத்தில் எப்படிக் கைநாட்டு வைத்தார்கள் என்று யாராவது செய்து காட்டுங்கள் என்றார். யாரும் எழவில்லை. உண்மையிலேயே கைநாட்டு வைக்கிறவர்கள் அந்த வகுப்பில் இருந்தார்கள். ஒருத்தி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் வெளியே வரக்கூடாது என்று கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். டீச்சர் முகம் வாடிப்போனது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் எழுந்தேன்.

"எனக்கு ஒப்பு உண்டு மேடம், நான் வெச்சா செரியா வருமா?" என்று கேட்டுத்தான் போனேன்.

"தெரியும் பாட்டி. பழைய காலத்தைக் காட்டத்தான். நீங்க சும்மா செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெருவிரலில் மை பட்டது. அடுத்து என்னை ஒப்பு போடச் சொன்னார்கள். போட்டேன். எல்லோரையும் கை தட்டச் சொன்னார்கள், தட்டினார்கள். டீச்சர் என் கையைப் பிடித்து, "நீங்க இல்லேன்னா இன்னைக்கு நான் நாணங்கெட்டுப் போயிருப்பேன்" என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் மருமகள் போனைக் கொண்டுவந்து காட்டினாள். சபை வாட்ஸ்அப்பில் வந்ததாம். முதலில் சோகப் பாட்டு. நான் தலையைக் குனிந்து கைநாட்டு வைக்கிறேன். பிறகு டிவியில் எழுத்து ஓடுகிறது. அடுத்து நல்ல பாட்டு, நான் ஒப்பு போடுகிறேன், எல்லோரும் கை தட்டுகிறார்கள். கீழே எழுதியிருந்ததை மருமகள் வாசிக்க வந்தாள். நான் போனை வாங்கி நானே வாசித்தேன். எழுபது வருடம் எழுத்தறியாமல் கைநாட்டு வைத்த பாட்டி, வீடியோ பாடத்தால் இன்று கையெழுத்து போடுகிறார். அதுதான் எழுதியிருந்தது. ஒரு எழுத்துகூட விடாமல் வாசித்தேன்.

மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அன்றைக்கே கூப்பிட்டான்.

"அம்மா, வீடியோ கொள்ளாம், நல்லா இருக்கு. இஞ்ச எனக்க கூட வேலை பாக்கவனுக்கெல்லாம் அனுப்பிக் குடுத்தேன்."

"ஏலே, ஒனக்க ரேங்க் கார்டுல யாருலே ஒப்பு போட்டது?"

"அதெல்லாம் இப்ப என்னத்துக்கு? நல்ல பேருதான கெடச்சிருக்கு" என்றான். நான் போனை மருமகளிடம் கொடுத்துவிட்டேன். அவன் வாங்கிய நல்ல மார்க்குக்கும் கெட்ட மார்க்குக்கும் ஒப்பு போட்டவள் நான். அவனே இப்படி என்றால் ஊரை என்ன சொல்ல.

அதைவிடப் பெரியது பிறகுதான் வந்தது. எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தாள். ஒரு சீப்பு மட்டி வாழைப்பழத்தோடு வந்தாள். வீடியோவைப் பார்த்து அழுதுவிட்டதாகச் சொன்னாள். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தாள்.

"மாமி, ஒங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. தெரியாமப் பேரு குடுத்திட்டோம். முன்னால நின்னு தவிச்சா எல்லாருக்கும் சங்கடம். இந்தத் தடவ வேற ஆள வெச்சுக்கிடலாம்."

"எனக்கு வாசிக்கத் தெரியும் மக்கா" என்றேன். உள்ளே போய் பைபிளை எடுத்து வந்து, எனக்குக் கொடுத்திருந்த பாடத்தையே எடுத்து வாசித்தேன். பாதிவரை கேட்டாள். அவள் கண் கலங்கியது.

"எவ்வளவு அழகா மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கிய, மாமி."

வேறு பக்கத்தைத் திருப்பி வாசித்திருக்கலாம். எங்கே வேண்டுமானாலும் திருப்பு, வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, என்னைவிட இளையவளிடம் பரீட்சை எழுத எனக்கு மனசு வரவில்லை. பைபிளை மூடினேன். "செரி மக்கா, ஒங்க இஷ்டம்" என்றேன். அவள் என் கையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவள் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினாள்.

நேரே டீச்சரிடம் போனேன். வகுப்புக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. சொன்னேன். அவள் எழுந்து நின்றாள்.

"கீழ எழுதினது நான் இல்ல. மேடம் போட்டது."

"நீ பாக்காமலா ஊருக்கெல்லாம் போச்சு?"

அந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். மேடத்துக்குப் போன் போட்டு எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். மேடம் கோபப்படவில்லை, அன்பாகத்தான் பேசினார்.

"யாரும் உங்களைக் குறைவாச் சொல்லலையே பாட்டி, எல்லாரும் பாராட்டுறாங்க. மத்த ஊர் டீச்சர்களுக்கு இதைத்தான் முதல்ல போட்டுக் காட்டுறேன். இதைப் பார்த்துத்தான் அவங்களுக்கும் டிவியைத் தொட தைரியம் வருது. உங்க டீச்சருக்கு எவ்வளவு நல்ல பேர் தெரியுமா? எடுத்துட்டா அவங்களுக்குத்தான் கஷ்டம்."

"நான் படிக்காத்தவ இல்லேன்னு ஒரு வரி எழுதிப் போடுவியளா?" என்றேன்.

"அப்படிப் போட்டா வீடியோவுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும் பாட்டி."

டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டிவியைத் தொடப் பயந்தவள், இன்று பத்து ஊர் டீச்சர்கள் அவளைப் பார்த்துப் படிக்கிறார்கள். அதை நான் கெடுக்க வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. அவள் நின்ற நிலையே அதைக் கேட்டது. நான் இறங்கி வந்துவிட்டேன்.

பெண்கள் ஞாயிறு வந்தது. நல்ல வெள்ளைச் சேலை கட்டிப் போனேன். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் வாசித்தாள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வருகிறவர் போகிறவரெல்லாம் என் முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள். இந்த வயதில் படித்துவிட்டாயே என்று. ஒருவர்கூட மாற்றி நினைக்கவில்லை. அதன் பிறகு நான் வகுப்புக்குப் போகவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பெண் வீடு தேடி வந்தாள். அடுத்த ஊர்க்காரி, ரப்பர் வெட்டுகிறவள், கணவன் இல்லை. மகள் போனில் என்னைப் பார்த்தாளாம். "எக்கா, எனக்கும் கைநாட்டுதான். பாங்கில போனா அந்த மையத் தொடச்சு விடவும் ஆளில்ல. அந்த விரல மடக்கிப் பிடிச்சிட்டேதான் பஸ்சு ஏறுவேன். தனியா வகுப்புக்கு வர வெக்கமா இருக்கு. நீங்க வந்தா நானும் வாறேன்" என்றாள்.

எல்லாம் பொய்யென்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் அப்படியே திரும்பிப் போவாள். அவளோடு போனேன். டீச்சர் என்னைக் கண்டதும் எழுந்து பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். நான் கூட வந்தவளோடு வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். டிவியில் எழுத்து ஓடியது. டீச்சர் ரிமோட்டைப் பார்க்காமலேயே நிறுத்தி நிறுத்திப் போட்டாள். பக்கத்தில் இருந்தவள் சிலேட்டில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள், அழித்தாள், போட்டாள். பிறகு என் காதில் கேட்டாள்.

"எக்கா, மொதல்ல இந்த டிவியப் பாத்து ஒப்பு போடும்ப ஒங்களுக்கும் கை வெறச்சுதா?"

"வெறச்சுது" என்றேன்.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள், திரும்பவும் சிலேட்டைப் பிடித்தாள். அதுவரைக்கும் அந்தப் பொய்யை மற்றவர்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் இப்போது பாங்கில் ஒப்பு போட்டுப் பணம் எடுக்கிறாள். பார்த்தால் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த வீடியோ இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறதாம். வேதபாடம் வாசிக்க என் பெயரை இன்றுவரை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னாருக்கு உதவும், உன் பெயரைக் கொடு என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒருவேளை நானே கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்துவிட்டு, எடுத்ததற்கு என்னையே பாராட்டவும் செய்தார்களே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜெபத்தில்கூட மன்னிக்க முடியவில்லை.