அக்கா மகளுக்குக் காது குத்திய காலை

எங்கள் வீட்டில் காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. அவளுக்கு மகள் பிறந்த அன்றே அந்த இடம் எனக்கென்று ஆகிவிட்டது. குலதெய்வக் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது மட்டும் அன்று எனக்கு நினைவு வரவில்லை.

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது ரெடிமேட் கடைகளில் எனக்குச் சட்டை கிடைப்பது நின்றுபோயிருந்தது. லாஸ்பேட்டை வீட்டில் பீரோக் கண்ணாடி மேல் எப்போதும் ஒரு துண்டைத் தொங்கவிட்டிருப்பேன். சொந்தக்காரர்கள் கேலி செய்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன். அதில் எனக்கு நல்ல பழக்கம். தனியாக இருக்கும்போது நான் எப்படிச் சாப்பிடுவேன் என்பது யாருக்கும் தெரியாது. பசி இருக்காது. ஆனாலும் நிறுத்த வராது. முடிந்ததும் என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வேன். அது ஒரு நோய் என்று டாக்டர் சொல்லிக் கேட்டது பல வருடங்கள் கழித்துத்தான்.

விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பு கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்தேன். வயிறு தள்ளி அது தரையில் விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. கோயிலில் எல்லோரும் குழந்தையின் காதையா பார்ப்பார்கள்? அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அந்தக் காலையில், பக்கத்து மேட்டுப்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் மெஷின் ரிப்பேர், அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். நான் வாங்கி வைத்திருந்த கம்மலையும் பட்டுப்பாவாடையையும் அவரிடமே கொடுத்தனுப்பினேன். பிறகு பொங்கல், பூரி, வடை என்று நாலு பேருக்கான பார்சல் வாங்கி, கம்பெனி மதில் ஓரம் ஸ்கூட்டரை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து தின்றேன்.

மூன்றாவது பொட்டலத்தில் இருக்கும்போது அக்கா போன் செய்தாள்.

“எங்கடா இருக்க? அம்மா என்னமோ வேலைன்னு சொல்லுது. ஆசாரி வந்து குந்திட்டாரு. நீ வர்ற வரைக்கும் குத்த வேணாம்னு சொல்லிட்டேன்.”

வாய் நிறைய பூரி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. “வேலை இருக்குக்கா” என்று சொல்லப் பார்த்தேன். வெறும் சத்தம்தான் வந்தது.

“சாப்புட்றியாடா?”

நான் போனை வைக்கவில்லை. அவளும் போனை வைக்க மறந்துவிட்டாள் போல. “நேரம் ஆவுது, ஒன்னுவிட்ட மாமன் மடியில குந்த வையி” என்று யாரோ சொன்னது கேட்டது. கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. அழுது ஓயும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். இன்றும் தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருகிறாள், காய்ச்சல் என்றால் ஓடி வருகிறாள். கேஸ் சிலிண்டர் போட வருகிறவரிடம்கூட முதலில் ‘சாப்பிட்டீங்களா’ என்றுதான் கேட்பாள். என்னிடம் மட்டும் அந்தக் கேள்வியை அன்றைக்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை.