மாலைக்கண் கேமரா

ஸ்கூட்டரின் ஒரு பக்கம் மடக்கு ஏணி, இன்னொரு பக்கம் டிரில் மிஷின் பை, காலடியில் கேபிள் பெட்டி. மிச்சமிருக்கும் இடத்தில்தான் அவள் உட்கார்ந்து வருவாள். அதனால் அவள் எல்லோருக்கும் ஏணியக்கா. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

முன்பு கேபிள் டி.வி. ஆபீசில் போனில் புகார் கேட்கிற வேலை பார்த்தாள். ஒருநாள் லைன்மேன் வரவில்லை. ஒரு வீட்டிலிருந்து விடாமல் திட்டு. இந்தத் திட்டை வாங்குவதற்கு ஏணி ஏறிவிடலாம் என்று கிளம்பிப் போனவள், அப்புறம் அந்த நாற்காலிக்குத் திரும்பவே இல்லை. இப்போது வீடுகளுக்கு வெளியே பாதுகாப்புக் கேமரா மாட்டுவது அவள் தொழில். அவள் கணவர் பள்ளி வேன் டிரைவர். மனைவி ஏணியில் நிற்பதைக் கீழே நின்று பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும்.

வேலையில் அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள். கேபிள் சுவருக்குள் நுழைகிற இடத்தில் அதை ஒரு சாண் கீழே தொங்கவிட்டுத்தான் மேலே ஏற்றி ஓட்டைக்குள் விடுவாள். வழிந்துவரும் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் போகாது. "மழை அழுதுட்டுப் போக ஒரு இடம் வேணாமா?" என்பாள். இரண்டாவது, எந்தக் கடையில் கேபிள் வாங்கினாலும் நுனியைச் சீவி, உள்ளே இருக்கும் கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பார்ப்பாள். உள்ளே வரைக்கும் செம்பாக இருந்தால்தான் பெட்டியைத் தூக்குவாள். "வந்துட்டாங்கய்யா பிளேடு" என்று கடைக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பெட்டியை மட்டும் சுரண்டிப் பார்க்கவில்லை.

அது அவள் தம்பியின் கடைப் பெட்டி. செல்போன் ரிப்பேர் கற்றுக்கொள்ளப் போய்ப் பாதியில் விட்டான். ஜூஸ் கடை வைத்துப் பாதியில் மூடினான். அக்காவைத் தவிர வீட்டில் எல்லோரும் அவனுக்கு 'அரைகுறை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவன் கடைசியாக ஆரம்பித்தது கேமராவும் கேபிளும் விற்கிற சின்னக் கடை. ஷட்டரை ஏற்றிய அன்று முதல் ஆளாக அக்காதான் போய் நின்றாள். கேபிள் பெட்டியை ஒரு குழந்தையைப் போல இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தான். அவன் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அவள் பார்த்ததே இல்லை. அந்த முகத்துக்கு முன்னால் பிளேடை எப்படி எடுப்பாள்?

அந்தப் பெட்டி பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போனது. அவர் வீட்டுப் பின்வாசல் கேட் தோட்டத்தைத் தாண்டி வெகு தூரத்தில் இருந்தது. அவருக்கு நிறத்தில்தான் சந்தேகம்.

"கறுப்பா இருக்கேம்மா. வெள்ளை ஒயர் போட்டா சுவத்தோட சேர்ந்துக்குமே?"

"வெள்ளை வீட்டுக்குள்ள போடறது சார். வெயில்ல போட்டா தோல் பொரிஞ்சு உதிர்ந்துடும்."

"ஓவன்ல மறந்துட்ட பிஸ்கட் மாதிரியா?"

"பிஸ்கட்டையாவது டீயில நனைச்சுத் திங்கலாம் சார்."

வேலை முடிந்தது. படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. ஆனால் சில நாளிலேயே பேக்கரிக்காரர் போன் செய்தார். "அக்கா, பின்கேட் கேமராவுக்கு மாலைக்கண். பகல் பூரா ஜம்முனு பாக்குது. இருட்டினா கண்ண மூடிக்குது. திருடன் வர்ற நேரம் பாத்துத் தூங்கினா, நான் எதுக்கும்மா கேமரா மாட்டினேன்?"

அவள் கேபிள் நுனிகளில் இருந்த பிளக்குகளை மாற்றினாள். கேமராவைக் கழற்றி முன்வாசலில் மாட்டிப் பார்த்தாள். அங்கே அது இரவெல்லாம் விழித்திருந்தது. மறுபடி பின்கேட்டில் மாட்டிவிட்டு, பொழுது சாயும்வரை காத்து நின்றாள். இருள் கவிந்ததும் கேமராவின் முகத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் எரிந்தன. ஒருமுறை துடித்தன. அணைந்தன. மறுபடி எரிந்தன, மறுபடி அணைந்தன.

அவளுக்குப் புரிந்துவிட்டது. படம் போகிற அதே கேபிளில்தான் கேமராவுக்கு மின்சாரமும் வருகிறது. இருட்டினால் கேமரா தன் விளக்கை ஏற்றிக்கொள்ள அதிக மின்சாரம் கேட்கும். அவ்வளவு தூரத்துக்கு அதைக் கொண்டுவந்து சேர்க்கக் கேபிளால் முடியவில்லை. பிளேடை எடுத்து நுனியைச் சீவிச் சுரண்டினாள். செம்பு நிறம் பொடியாக உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். செம்பு அளவுக்கு அது மின்சாரத்தைக் கடத்தாது.

"சார், தப்பு என்னோடது. நாளைக்கே முழுசா மாத்தித் தர்றேன்" என்று மட்டும் சொன்னாள். தம்பியின் பேரை எடுக்கவில்லை.

வீட்டில் கணவர், "மச்சான்கிட்ட சொல்லிடேன். அவனும் ஏமாந்திருப்பான்" என்றார்.

"இப்பதாங்க அவன் தலை நிமிர்ந்து நடக்கறான். முதல் வியாபாரமே கோணல்னு தெரிஞ்சா ஷட்டரை இறக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் எதையும் ஆரம்பிக்கவே மாட்டான். என் வாயால அதைச் சொல்ல மாட்டேன்."

மறுநாள் முன்பு வழக்கமாக வாங்கும் கடையில் பெட்டி வாங்கிக்கொண்டு போய், போட்ட கேபிளை உருவ ஆரம்பித்தாள். அவள் கெட்ட நேரம், தம்பி அன்றைக்குப் பார்த்து அக்காவுக்குப் பிடித்த கேக் வாங்க பேக்கரிக்குப் போனான்.

"உங்கக்கா எங்க வீட்ல மொத்த ஒயரையும் பிடுங்கிட்டிருக்காங்க, தெரியாதா?" என்றார் பேக்கரிக்காரர்.

கேக் பெட்டியோடு ஓடிவந்தவன் கண்ணில் ஏணிக்கடியில் இருந்த வேறு கடைப் பெட்டிதான் முதலில் பட்டது.

"ஓ! தம்பி கடைப் பொருளைக் கழட்டிப் போட்டுட்டு, எவன் கடையிலயோ வாங்கியிருக்க! ஊரே என்னை அரைகுறைன்னு சொல்லுச்சு. நீ மட்டும்தான் சொல்லலைன்னு நெனச்சேன். நீயும் மனசுக்குள்ள சொல்லிட்டுதான் இருந்தியாக்கா?"

ஏணியின் உச்சியில் நின்றவள் அடுத்த கிளிப்பைக் கழற்றப் போனாள்.

"பேசுக்கா! அப்படி என்ன குறை என் கேபிள்ல?"

கீழே சுருண்டு கிடந்த கேபிளை அவனே எடுத்தான். அவள் பைக்குள் கைவிட்டுப் பிளேடை எடுத்தான். சுரண்டினான். ஒரு முறை, இன்னொரு முறை. அவன் விரலில் செம்புப் பொடி ஒட்டிக்கொண்டது. அந்த வெள்ளைக் கம்பியை அக்காவை நோக்கித் தூக்கிக் காட்டினான்.

"எவன் கடையில வாங்கினாலும் சுரண்டிப் பாப்பியே. என்னோடதை மட்டும் ஏன்க்கா பாக்கல?"

"உன்னோடதாச்சேடா."

அவ்வளவுதான். முப்பது வயது ஆண்பிள்ளை, கேக் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தேம்பினான். அவள் ஏணியிலிருந்து இறங்கி வந்து அவன் தலையில் கை வைத்தாள்.

"கேக்கை நசுக்காதடா, பாவி."

அழுகைக்கு நடுவே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் போனை எடுத்தான். தன்னிடம் அதே கேபிள் வாங்கிப்போன ஒவ்வொருவரையும் கூப்பிட்டான். "அண்ணே, அது சரக்கு சரியில்ல. கொண்டு வாங்க, நல்லதா மாத்தித் தர்றேன்." அவன் குரல் ஒருமுறைகூட நடுங்கவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏணியில் ஏறினான். "நீ கீழ நின்னு சொல்லுக்கா. நான் இழுக்கறேன்."

"பாதியில இறங்கிடாதடா!"

"இந்தத் தடவை நீ பிடிச்சு இழுத்தாலும் இறங்க மாட்டேன்!"

தோட்டத்துச் சுவர் நெடுக ஒவ்வொரு கிளிப்பாக அடித்துப் பின்கேட் வரை அவனே கொண்டுபோனான். சுவர் ஓட்டையருகே ஒரு தொங்கல் விட்டான். அது மாலை மாதிரி முழங்கால்வரை தொங்கியது.

"மழை அழறதுக்கு இடம் விடச் சொன்னா, குளிக்கறதுக்கே இடம் விட்டிருக்கானே!" என்றாள். அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்ட பேக்கரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பொழுது சாய்ந்தது. தம்பி பின்கேட்டிலேயே நின்றுகொண்டான். உள்ளே பேக்கரிக்காரரும் அவளும் டி.வி. முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். படத்தில் நிறங்கள் மங்கின. ஒரு கணம் துடித்துக் கறுப்பு வெள்ளையானது. அப்படியே நின்றது. அணையவில்லை. உள்ளே தெரிகிறதா என்று தெரியாத தம்பி, கேமராவுக்கு முன்னால் கையை ஆட்டினான், குதித்தான், இடுப்பை வளைத்து ஆடினான்.

"தெரியுதுன்னு சொல்லிடவாம்மா? பாவம், பிள்ளை ஆடிக்கிட்டே இருக்கான்."

"இருங்க சார்" என்றாள் அவள், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல். "இன்னும் கொஞ்சம் ஆடட்டும்."

அந்தச் சரக்கைத் தந்து ஏமாற்றிய மொத்த வியாபாரியிடம் சண்டை போட்டு அவன் எல்லாப் பெட்டிகளையும் மாற்றி வாங்கியதும், ஒருவர் விடாமல் நல்ல கேபிள் கொடுத்து முடித்ததும் அடுத்து வந்த நாட்களில் நடந்தது. இன்று அந்தக் கடைக்குப் போனால், கேபிள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டிய பிளேடு ஒன்று தொங்கும். மேலே அவன் கையெழுத்தில், 'சுரண்டிப் பார்த்து வாங்கவும்.'

அதைக் கட்டிய அன்று முதலில் சுரண்டிப் பார்த்தது யார் என்று கேட்க வேண்டுமா? ஸ்கூட்டரை நிறுத்தினாள், வந்தாள், தம்பியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே நுனியைச் சுரண்டினாள். உள்ளே செம்பு, சிவக்கச் சிவக்க.

"பெட்டியைத் தூக்குடா" என்றாள் ஏணியக்கா.