முனிக்குத் திருப்பிக் கொடுத்த இரும்பு

மாமாவுக்குத் தலைவலி வந்த கதையை எங்கள் வீட்டில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை. அம்மா தொடங்கினால் பாதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். அப்பா தொடங்குவதே இல்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. பார்த்ததில் பாதிகூடப் புரியவில்லை என்றாலும், எல்லாவற்றையும் கண்ணை விரித்துக்கொண்டு பார்த்தவள் நான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, அம்பிட்டியவில் எங்கள் வாடகை வீட்டில் தங்கி, ஒரு சமையல் கேஸ் கடையில் வேலை செய்தார். அம்பிட்டியவில் பாதி வீடுகளுக்கு வாகனம் போகாது. ஆட்டோ ரோட்டோரம் நின்றுவிடும். அங்கிருந்து சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு படிகளில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். மாமா இரண்டையும் விசிலடித்துக்கொண்டே செய்வார். சிங்கள வீட்டுப் பெண்கள் "மல்லி, மல்லி" என்று தம்பி முறை வைத்துக் கூப்பிட்டு அவருக்கென்று பிளேன்டீ ஊற்றி வைத்திருப்பார்கள். வீட்டில் சோற்றைக் கொறிப்பதற்கு அந்தத் தேத்தண்ணிதான் காரணம் என்று அம்மா நொடிப்பார்.

பிள்ளைகளை ஏமாற்றுவது அவருக்குப் பொழுதுபோக்கு. பூனை மாதிரி பின்னால் வந்து வலது தோளைத் தட்டிவிட்டு இடது பக்கம் நிற்பார். அதனால்தான் முதல் தடவை வலி வந்தபோது நான் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டுக்கே சிலிண்டர் கொண்டுவந்த நாள் அது. வாசலில் இறக்கியதைக் குசினிக்குக் கொண்டுபோகக் குனிந்து தூக்கினார். தூக்கிய வேகத்திலேயே தொப்பென்று கீழே வைத்துவிட்டு, பிடரியைப் பிடித்தபடி சட்டென்று திரும்பினார்.

"யாரு அடிச்சது?"

அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. நல்ல நடிப்பு என்று நினைத்து நான் கைதட்டினேன். மாமா சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அது அடிக்கடி வந்தது. நடக்கும்போது ஒன்றுமில்லை, பேசும்போது ஒன்றுமில்லை. கனமான ஒன்றைத் தூக்கி மூச்சைப் பிடிக்கிற அந்த நொடியில், பிடரியில் யாரோ கட்டையால் போட்டதுபோல் இருக்குமாம். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்தால் போய்விடும். அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார், தைலம் தேய்த்தார். டவுனில் மருந்து கொடுத்த டொக்டர், பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் தலையைப் படம் பிடிக்கச் சொன்னார். போவதாகத்தான் இருந்தது. ஆனால் வலியில்லாத நாளில் வலிக்காக வரிசையில் நிற்க யாருக்கு மனம் வரும்? அதோடு, இனிமேல் பாரம் தூக்காதே என்று சொல்லிவிட்டால் கேஸ் கடையில் அவருக்கு என்ன வேலை? வலியைவிட அந்தப் பயம்தான் அவரை அரித்தது.

எனக்கு வேறு பயம். மாமா திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தார். படியேறும்போது நடுவில் நின்று திரும்புவார். சாப்பிடும்போது முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் உட்காருவார். விசில் நின்றுபோனது. ஒருநாள் தண்ணீர் வாளியைத் தூக்கியவர் திரும்பி, எனக்கும் மேலே, எனக்குப் பின்னால் நிற்கும் உயரமான ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

இந்த நிலையில்தான் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, தோட்டத்திலிருந்து வந்தார். அவர் அங்கே பூசாரி. மாமாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு வீட்டைச் சுற்றி நடந்து, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே போய் நின்றுவிட்டார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

தொட்டி மூடியின் மேல் ஒரு இரும்புப் பல்சக்கரம் கிடந்தது. தோட்டத்து ஸ்டோரிலிருந்து வந்தது. தேயிலை அரைக்கும் ஆலையைத்தான் எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். அது மூடிப் பல காலமாகி, இயந்திரங்களையெல்லாம் பழைய இரும்புக்குக் கழற்றியபோது மாமாவும் கூலிக்குப் போயிருந்தார். கேட்பாரற்றுக் கிடந்த இந்தச் சக்கரத்தை, காலையில் தூக்கித் தேகப்பயிற்சி செய்யலாம் என்று கொண்டுவந்துவிட்டார். இரண்டு நாள் செய்தார். பிறகு அது மூடிக்குப் பாரமாயிற்று.

ஆனால் ஸ்டோரில் ஓடும் ரோதைக்கெல்லாம், அதாவது இயந்திரச் சக்கரங்களுக்கெல்லாம், ஒரு காவல் உண்டு. ரோதை முனி. ஆலை ஓடிய காலத்தில் அவருக்குச் சேவல் அறுத்துப் பொங்கல் வைக்காமல் இயந்திரத்தைத் தொடமாட்டார்கள். ஆலை போய்விட்டது, துரைமார் போய்விட்டார்கள். முனிக்கு மட்டும் யாரும் கணக்கு முடித்து அனுப்பவில்லை.

"தோட்டத்து எல்லையிலருந்து எடுத்தவன் தோள்லயே கொண்டுபோய் ஸ்டோர்ல வைக்கணும். நடுவுல எறக்கக் கூடாது. திரும்பிப் பாக்கக் கூடாது" என்றார் பெரியப்பா.

தலையைப் படம் பிடிப்பதை முனிக்குப் பூஜை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னார். மாமாவின் முகத்தில் நிறைய நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. இரும்பைத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்துவிடுகிற விஷயம்தானே.

இன்னொன்றும் சொன்னார் பெரியப்பா. சுமந்து போகிறவரின் முதுகுப்பக்கம் வெறுமையாக இருக்கக் கூடாதாம். பெரிய மனுஷியாகாத ஒரு பெண்பிள்ளை பின்னால் நடந்தால் முனி நெருங்கி வரமாட்டாராம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா எனக்குப் புதுப் பாவாடை தைத்துத் தந்தார்.

பூஜையன்று புசல்லாவையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மதியம் கடந்திருந்தது. மற்றவர்கள் தப்பு மேளத்தோடு முன்னாலேயே மேலே போய்விட்டார்கள். தேயிலை மலைக்குள் போகும் பாதையில் மாமாவும் நானும் மட்டும். மாமா சக்கரத்தைத் தோளில் ஏற்றினார். கண்ணை இறுக்க மூடித் திறந்தார். நடந்தார்.

மலையிலிருந்து மிஸ்ட் என்கிற பனிமூட்டம் இறங்கிவந்து பாதையை மூடியது. மாமாவின் பிடரியை மட்டும் பார்த்து நடக்கும்படி உத்தரவு. அதில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களின் குரல் ஒன்றும் கேட்கவில்லை.

"புள்ள, இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

கொஞ்ச தூரம் போனபின் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மாமாவுக்குப் பின்னால் நான் இருக்கிறேன். எனக்குப் பின்னால்? அங்கே சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது. எனக்கும் திரும்பிப் பார்க்க அனுமதி இல்லை. பாவாடையைப் பிடித்துக்கொண்டு மாமாவை உரசாத குறையாக நடந்தேன்.

ஸ்டோரின் தகரக்கூரை தெரிகிற வளைவில் மாமா நின்றார். சக்கரம் தோளில் ஆடியது.

"என்னையத் தொட்டியா?"

"இல்ல மாமா."

"சத்தியமா?"

"சத்தியமா இல்ல மாமா."

"சரி, வா" என்றார். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. அவர் திரும்பவேயில்லை. பெரியப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

ஸ்டோருக்குள் இயந்திரங்கள் இருந்த இடத்தில் குழிகள்தான் இருந்தன. பெரிய ரோதை ஓடிய குழியில் கறுப்பாகத் தண்ணீர் நின்றது. அதன் விளிம்பில் தோட்டத்துச் சனம் கூடியிருந்தது. மாமா சக்கரத்தை இறக்கியதும் தப்பு அதிர்ந்தது. அவர் நிமிர்ந்தார். ஒரு பக்கமாக ஆடினார். கை நடுங்கியது, கண் மேலே செருகியது, வாய் ஒருபக்கம் கோணி நீர் வழிந்தது.

"வந்துட்டாரு! முனி வந்துட்டாரு!" என்று பெரியப்பா கத்தினார்.

பெண்கள் குலவையிட்டார்கள். கற்பூரம் எரிந்தது. மாமா ஏதோ சொன்னார், நாக்குத் தடித்து ஒரு சொல்லும் விளங்கவில்லை. "ஏத்துக்கிட்டாராம்" என்றார் பெரியப்பா. கூட்டம் நெருங்கியது. ஒருத்தி தன் மகனுக்கு வெளிநாட்டு விசா கிடைக்குமா என்று கேட்டாள். அம்மாகூடக் கைகூப்பி, "எங்களுக்குச் சொந்த வீடு எப்ப சாமி?" என்று தன் தம்பியிடம் கேட்டார். அதிர அதிரத் தப்பு அடித்தார்கள்.

அப்போது மாமாவின் கை எழுந்து என் தலையில் இறங்கியது.

"புள்ளைக்கு ஆசீர்வாதம் குடுக்குறாரு!" என்று யாரோ அழுதார்கள். கை கனத்தது. விரல்கள் தலைமுடிக்குள் புகுந்து இறுகின. கழுத்து உள்ளே போய்விடும் போலிருந்தது. முனி அல்லவா, கனக்கத்தானே செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை பேர் இருக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தப்பு ஓய்ந்த பிறகுதான் மாமா சரிந்தார். மலையேறிவிட்டார் முனி என்று மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தார்கள். வெகுநேரம் காத்திருந்தார்கள். பிறகு சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் மாமா இறந்துபோனார். தலைக்குள் ஒரு இரத்தக்குழாய் வீங்கியிருந்ததாம். பாரம் தூக்கும்போதெல்லாம் வந்தது அதன் வலிதானாம். டொக்டர் சொன்ன இதை அப்பா எனக்குச் சொல்லப் பல வருடங்கள் ஆயின.

செத்த வீட்டுக்கு வந்த தோட்டத்துப் பெண்கள் என் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முனி தொட்ட தலை. நானும் ரொம்பநாள் அதில் யாரையும் எண்ணெய் வைக்க விடவில்லை.

இப்போது என் மகன் நடை பழகுகிறான். விழப்போகும்போது கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பான். நேற்றுத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தள்ளாடி வந்தவன் என் தலைமயிரை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். என் கையிலிருந்து கத்தி நழுவியது. மாமா அன்று என்னை ஆசீர்வதிக்கவில்லை. விழுந்துவிடாமல் இருக்கப் பிடித்திருக்கிறார். சுற்றிலும் அத்தனை பேர் கைகூப்பி நின்றார்கள். பிடிக்க அவருக்கு அகப்பட்டது என் தலை ஒன்றுதான்.