இடப்பக்க சீட்

போன வாரம் இங்கிலாந்திலிருந்து திரும்பினோம். உடம்பு மவுண்ட் ரோஸ்கில் வீட்டுக்கு வந்துவிட்டது. மனசு மட்டும் யார்க்‌ஷயரில் ஏதோ ஒரு பச்சைச் சரிவில் ஆட்டுக்குட்டிகளோடு படுத்துக் கிடக்கிறது...

ஆடு பார்க்கவா நியூசிலாந்திலிருந்து இங்கிலாந்துக்குப் போனீர்கள்? கேட்பீர்கள் என்று தெரியும். போனது லீட்ஸில் இருக்கும் என் மச்சாளை, கணவரின் தங்கையைப் பார்க்க. அவள்தான் தன் புதுக் காரைத் தந்து, “நாட்டுப்புறத்தைச் சுத்திப் பாத்திட்டு வாங்கோ” என்றாள்.

என் கணவர் ஜெயம், இங்கே மங்கரேயில் விமானச் சரக்கு லாரி ஓட்டுகிறவர். நான் ஓட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்த சரித்திரமே இல்லை. ஆனால் புறப்படும் காலையில் மச்சாள் வீட்டு மாடிப்படியில் அவர் கால் பிசகியது. நல்ல வீக்கம். பிரேக் மிதிக்க முடியாது.

“அம்மா கேன் டிரைவ்” என்றாள் மகள் நிலா.

ஜெயத்தின் முகம் விசா மறுக்கப்பட்டவரைப் போல ஆனது.

நகரம் தாண்டியதும் பனிமூட்டம் மெல்ல விலகியது. கல்மதில்கள், நடுவே ஒற்றை மரம், எங்கோ ஒரு தேவாலய மணி. நான் மிதந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் அவர் அந்த வீங்கிய வலது காலாலேயே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.

பாதை குறுகியது. இன்னும் குறுகியது. ஒரு வளைவில் எதிரே டிராக்டர்... பின்னால் வைக்கோல் நிரம்பிய டிரெய்லர். அது பின்னால் போகாது. நான்தான் போகவேண்டும். இரண்டு பக்கமும் மதிலுக்கும் காருக்கும் இடையில் ஒரு முழம்.

ஜெயம் சீட் பெல்ட்டைக் கழற்றினார். “நீர் இறங்கும். நான் எடுக்கிறன்.”

“இந்தக் காலோடயோ?”

“தங்கச்சியின்ர புதுக் கார்...”

“அப்பா, லெட் ஹர்” என்றாள் நிலா.

டிராக்டர்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு, பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டார். அவருடைய அவசரமின்மை எனக்குள்ளும் இறங்கியது. கண்ணாடியைப் பார்த்து, மூச்சை அடக்கி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனேன். மதிலுக்கு மேலாக ஒரு செம்மறி என்னையே பார்த்து மென்றுகொண்டிருந்தது. ஒருவழியாக வயல் வாசல் ஒன்று வந்தது. ஒதுங்கினேன். டிராக்டர்காரர் ஒரு விரலை உயர்த்தி நன்றி சொல்லிப் போனார்.

கீறல் இல்லை.

ஜெயத்துக்குக் கோபமோ? திரும்பினேன். ஜன்னலில் நெற்றி பதித்திருந்தார்.

“இஞ்ச பாரும்... மேகத்தின்ர நிழல் மலையில ஏறிப் போகுது.”

“நான் ரோட்டைப் பாக்கவேணும்.”

ஜன்னலை விட்டுக் கண் எடுக்காமல் கேட்டார்: “இவ்வளவு காலமும் நீங்கள் ரெண்டுபேரும் இதெல்லாம் பாத்துக்கொண்டோ வந்தனீங்கள்?”

ரொட்டோருவா, டௌப்போ என்று எங்களை எத்தனை இடங்களுக்குக் கூட்டிப்போனவர்... அவர் பார்த்ததெல்லாம் வெள்ளைக் கோடும் முன்வண்டியின் சிவப்பு விளக்கும்தானோ?

வீட்டைச் சுமக்கிறவர்களை நாம் பாராட்டுகிறோம். கொஞ்சம் வேடிக்கை பார்க்க விடுகிறோமா?

இந்தச் சனிக்கிழமை இங்கே ஒனிஹங்காவுக்கு மீன் வாங்கப் போனோம். கால் சரியாகிவிட்டது. இருந்தும் சாவியை என்னிடம் தந்துவிட்டு இடப்பக்கம் ஏறினார். திரும்பும் வழியில், வெள்ளி பூசினாற்போல் கிடந்த கடலைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்:

“இன்னொருக்கா சுத்தி வருவமோ?”

மீன் காத்திருக்கட்டும் என்று காரைத் திருப்பினேன்.