ரொட்டிக் கல்லோரம் ஓர் ஆவாரை

"அண்ணே, அந்தத் தண்ணிய அதுல ஊத்தாதீங்கலா!"

உமரின் கண் ரொட்டிக் கல்லை விட்டு அகலவில்லை. கை மாவை வீசிக்கொண்டே இருக்கிறது. குடித்து மிச்சம் வைத்த குவளையோடு ஒருவர் செடிப்பக்கம் சாய்ந்தது அவருக்கு எப்படித்தான் தெரிந்ததோ!

பிரிஞ்சாங் ஊரிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் வளைவில் அவர் ரொட்டிக் கடை. மேசையில் மிஞ்சும் தண்ணீரைப் பக்கத்துச் செடிக்கு ஊற்றுவது எங்கள் ஊர்க்காரர்களின் கூடப்பிறந்த குணம். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு உமரின் இரண்டு செடிகளைக் கொன்றிருக்கிறது.

செடி ஆவாரை. வெடித்துக் கிடக்கும் வறண்ட காட்டில் யாரும் கவனிக்காமலே பூக்கிற செடி. ஐந்து நாள் மழையும் இரண்டு நாள் மூடுபனியும் சேர்ந்தால்தான் ஒரு வாரம் என்றிருக்கும் கேமரன் மலையில் அதை வளர்க்கிறேன் என்று ஒருவர் கிளம்பினால் சிரிக்காமல் என்ன செய்வது? நானும் சிரித்தேன்.

மூன்று வருடத்துக்கு முன், உமரின் சர்க்கரைக்குக் கஷாயம் வைக்க அவர் மனைவி மஜீதா ஈப்போவிலிருந்து வாங்கி வந்த ஆவாரம்பூப் பொட்டலத்தின் அடியில் ஒரு காய்ந்த நெற்று கிடந்தது. உள்ளே ஐந்து விதை. உமர் ஊன்றிவைத்தார், ஐந்தும் முளைத்தன. ஒன்றை மழை அழுக வைத்தது. இரண்டு, சொன்னேனே, வாடிக்கையாளர் உபயம். நான்காவதுக்குத் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் போடும் தங்கராஜு, "சத்து பத்தல பாய்" என்று கோழி எரு கொண்டுவந்து கொட்டினார். ஒரே வாரத்தில் கருகிவிட்டது.

மிஞ்சிய ஒன்றை ஓர் எண்ணெய் டின்னில், பாதி மணலும் பாதி செங்கல் தூளுமாகப் போட்டு, ரொட்டிக் கல் பக்கத்து ஜன்னலோரம் வைத்தார். மேலே தகரம், பக்கத்தில் நாளெல்லாம் சுடும் அடுப்புச் சுவர், காலையில் கொஞ்சம் வெயில். இந்த மலையில் காய்ந்த இடம் அது ஒன்றுதான். பத்து நாளைக்கு ஒரு குவளை தண்ணீர், அவ்வளவே.

இடுப்புயரம் வளர்ந்து, இந்த வருடம் மொட்டும் கட்டியது. கூடவே புழுவும் வந்தது.

இலையில் ஓட்டை என்றால் எங்கள் காய்கறிக்காரர்களுக்கு அது மானப் பிரச்சினை. தங்கராஜு முதுகில் மருந்துப் பம்போடு வந்துவிட்டார். "ரெண்டு நாள்ல மொட்டையாக்கிடும் பாய். ஒரே அடி, கிளியர்!"

உமர் கரண்டியோடு குறுக்கே நின்றார். "எங்கேருந்தோ வழி கண்டுபிடிச்சி நம்ம கடைக்கு வந்திருக்குலா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவங்கள யாராச்சும் எழுப்பி விடுவாங்களா?"

"மூணு வருஷம் பொத்திப் பொத்தி வளத்தது. போச்சுன்னா அப்புறம் மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியாதீங்க" என்றார் மஜீதா.

உமர் திரும்பிப் போய்க் கல்லில் கிடந்த ரொட்டியைப் புரட்டினார். இருப்பது ஒரே செடி, செத்தால் செத்ததுதான். அது அவருக்குத் தெரியாமலில்லை.

எட்டு நாளில் இலையும் மொட்டும் போய் வெறும் குச்சி நின்றது. புழுக்கள் தகரத்தடியில் கூட்டுப்புழுவாகித் தொங்கின. பார்த்தவரெல்லாம் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். உமர் ஒரு சொட்டுகூடக் கூட்டவில்லை. மூன்றாம் வாரம் குச்சியில் பச்சை கிளம்பியது. இரண்டு மாதத்தில் கொத்துக் கொத்தாக மஞ்சள். எனக்குக் கூச்சல் போட வேண்டும் போலிருந்தது. தங்கராஜு போட்டார். லோரியில் வீட்டுக்காரியை ஏற்றி வந்து, "நாங்க வளத்த செடி" என்று படமும் எடுத்துக்கொண்டார்.

போன ஞாயிறு, சுற்றுலாக் கூட்டம். ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஜன்னல் வழியே வந்து, ஆவாரையின் இளந்தளிரில் உட்கார்ந்து, வயிற்று நுனியை வளைத்து முட்டை வைக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து உமர் மாவை வீசக் கையைத் தூக்கியிருந்தார். வீசினால் அந்தக் காற்று செடியில் அடிக்கும்.

"பாய், ரெண்டு ரொட்டி என்னாச்சு?"

வரிசையில் பதினொரு பேர். மாவு விரல்களிலிருந்து நழுவி நழுவி முழங்கை வரை தொங்கியது. உமர் தூக்கிய கையை இறக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.