அறுந்து தொலையாத கித்தான்பட்டை

கெர்க்கென்னாத் தீவில் நேரம் தெரிய வேண்டுமென்றால் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், ஃபர்ஜானியிடம் மட்டும் கேட்கக் கூடாது. இடது மணிக்கட்டில் எப்போதும் கடிகாரம் இருக்கும், கேட்டவுடன் கம்பீரமாகக் கையைத் திருப்பியும் பார்ப்பார். ஆனால் அதைக் கட்டியிருக்கும் கித்தான் பட்டையில் இதுவரை மூன்று கடிகாரங்கள் உயிரை விட்டிருக்கின்றன. முதலாவது உப்புத்தண்ணீர் குடித்துச் செத்தது. இரண்டாவது, ஃபெர்ரியின் கயிற்றுக்கும் துறையின் கம்பத்துக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்கியது. மூன்றாவது காரணம் எதுவும் சொல்லாமல் ஒருநாள் நாலேகாலில் நின்றது. அதை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. அவர் கையில் கட்டியிருந்தது பட்டையை. கடிகாரம் அதற்கு ஒரு துணை, அவ்வளவுதான்.

ஃபர்ஜானி, எதிர்க்கரை நகரமான ஸ்ஃபாக்ஸுக்கும் தீவுக்கும் இடையே ஓடும் ஃபெர்ரியைத் துறையில் கட்டக் கயிறு போடுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். தோள் அகலம், வாய் அதைவிட அகலம். அவரிடம் காலையில் சொன்ன ரகசியம் மதியத்துக்குள் இரண்டு கரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

பட்டையைத் தைத்துக் கொடுத்தவர் மன்னூபியா. படகுப் பாய், கூடாரத்துணி, லாரி மூடும் கித்தான் எல்லாம் தைக்கிறவர். கிழிந்துபோன பழைய பாயில் நல்ல இடமாகப் பார்த்து வெட்டி, இரண்டு மடிப்பாக மடித்து, ஓரத்தை உள்ளே தள்ளி, மெழுகு தடவிய நூலால் கோணி ஊசி கொண்டு கையாலேயே தைத்து, கடைசியில் முழுப் பட்டைக்கும் தேன்மெழுகு உருக்கி ஏற்றியிருந்தார். கொடுத்தபோது வைக்கோல் நிறத்தில் விறைப்பாக இருந்தது. பதினோரு வருஷத்தில் அது முற்றிய பேரீச்சம்பழத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. கொக்கி உட்காரும் இடத்தில் ஒரு பள்ளம். ஓட்டைகளில் ஒன்று மட்டும் இழுபட்டு நீண்டிருந்தது. கையிலிருந்து கழற்றி மேஜையில் வைத்தாலும் தட்டையாகக் கிடக்காது. ஃபர்ஜானியின் மணிக்கட்டு இன்னும் உள்ளே இருப்பதுபோலவே சுருண்டு உட்கார்ந்திருக்கும்.

துறைக்கு எதிரே ஷெட்லியின் காப்பிக்கடையில் அந்தப் பட்டைக்குத் தினசரி விசாரணை நடக்கும்.

"என்னப்பா மாப்பிள்ளை, அறுந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"இந்த வேகத்துல போனா உன்னைக் குழியில இறக்கும்போதும் அது கையில இருக்கும். அப்ப போய்க் கேளு, பதில் சொல்லுவாங்க."

கடையே சிரிக்கும். ஃபர்ஜானியும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

நடந்தது இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஊர் முறைப்படி, ஃபர்ஜானி மன்னூபியாவைத் தனக்குப் பெண் கேட்கத் தன் அக்காவை அனுப்பினார். மன்னூபியா அப்போது கணவனை இழந்து, பதிமூன்று வயது மகளோடு இருந்தார். அவர் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. சில நாள் கழித்து இந்தப் பட்டையை அக்காவின் கையில் கொடுத்து அனுப்பினார். "கட்டிக்கச் சொல்லுங்க. இது உழைச்சு அறுந்துபோற அன்னிக்கு அவரே வந்து கேட்கட்டும். பதில் சொல்றேன்."

மறுநாள் தீவு முழுவதற்கும் இது தெரிந்துவிட்டது. சொன்னது வேறு யார்? ஃபர்ஜானிதான்.

மன்னூபியா ஏன் அப்படிச் சொன்னார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பெண் பிள்ளை பிகு பண்ணுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெண் ஒரு கணக்குப் போட்டிருக்கலாம் என்று நினைக்க இவர்களுக்கு எந்தக் காலத்தில் பழக்கம் இருந்தது? மன்னூபியாவின் கணவருக்கு மொக்தார் என்று ஓர் அண்ணன் உண்டு. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். தீவின் தர்காவைப் பார்த்துக்கொள்கிறவர். தம்பி இறந்து நாற்பதாம் நாள் முடிவதற்குள், "நீ இன்னொருத்தனைக் கட்டினா பிள்ளை எங்க வீட்டுக்கு வந்துடணும். கோர்ட்டுக்கும் போவேன்" என்று மன்னூபியாவிடம் சொல்லியிருந்தார். மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்தால் அவன் பிள்ளையை எந்த மாமனும் வந்து கேட்பதில்லை. தாய் செய்தால் மட்டும் பெற்ற வயிற்றுக்கு உரிமை காலாவதி ஆகிவிடுகிறது. இந்த அயோக்கியத்தனத்துக்குக் குடும்ப மானம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால் அவளை யாரும் கேட்க முடியாது; ஆகவே மன்னூபியாவுக்கு ஐந்து வருஷம் தேவைப்பட்டது. அதை ஃபர்ஜானியிடம் வெளிப்படையாகச் சொன்னால் ஹாஜியார் காதுக்குப் போக ஐந்து மணி நேரம்கூட ஆகாது. கயிறு இழுக்கிற கையில் மெழுகுக் கித்தான் எத்தனை நாள் தாங்கும் என்று மன்னூபியாவுக்குத் தெரியும். நாலு, மிஞ்சினால் ஐந்து வருஷம். அந்த அளவுக்குத்தான் தைத்தார்.

கணக்கில் பிழையில்லை. ஆளைக் கணித்ததில்தான் பிழை.

ஒவ்வொரு வருஷமும் இலையுதிர் காலத்தில், வடமேற்குக் காற்று தொடங்குவதற்கு முன், ஃபெர்ரிக்காரர்கள் துறையில் கித்தான்களை வெயிலில் விரித்து மெழுகு தேய்ப்பார்கள். கடலில் பிழைக்கிறவனுக்குக் கித்தான் வெளுத்திருப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பசித்த பிள்ளையைப் பார்ப்பது போல. ஃபர்ஜானி சரக்கு மூடும் கித்தானுக்குத் தேய்ப்பார், தன் மழைச்சட்டைக்குத் தேய்ப்பார், மிச்ச மெழுகு கையில் இருக்கும்போதே கடிகாரப் பட்டையையும் கழற்றி நாலு தேய்ப்புத் தேய்ப்பார். வெயில் அதை உருக்கி நூலுக்குள் இறக்கும். பட்டைக்கு இன்னொரு வருஷ ஆயுள். வேலையைக் கை செய்தது, தலைக்குத் தகவலே போகவில்லை. அது சீக்கிரம் அறுந்துபோக வேண்டுமென்று தினமும் ஏங்குகிற மனிதர், அறுந்துபோகாமல் இருக்க வருஷம் தவறாமல் வேலை செய்துகொண்டிருந்தார்.

ஹாஜி மொக்தார் இதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார். "தர்காவுல அடங்கியிருக்கற அவுலியாவுக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டம் இல்ல. அதான் அறுந்துபோக மாட்டேங்குது." ஊரில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். தர்காவில் மெழுகுவர்த்திகள் கூடின. அங்கே எரிந்த மெழுகுக்கும் பட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை; வேலையைச் செய்தது ஃபர்ஜானியின் சட்டைப்பையில் இருந்த மெழுகு. ஆனால் கைக்கு எட்டுகிற காரணத்தை விட்டுவிட்டு வானத்தில் தேடுவதுதான் நம்மவர்களுக்குச் சௌகரியம்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது மன்னூபியாவின் மகள் இப்திஸாம். ஸ்ஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் ஃபெர்ரியில் ஃபர்ஜானிக்குத் தலை சுற்றியது. அவள் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். பிறகு பட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"மாமா, இதுக்கு மெழுகா போடுறீங்க?"

"ஆமா. வருஷா வருஷம்."

"எதுக்கு?"

"கித்தானுக்கு எதுக்கும்மா மெழுகு போடுவாங்க? கெட்டுப்போகாம…" என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். பதினோரு வருஷத்துத் தகவல் அப்போதுதான் தலைக்கு வந்து சேர்ந்தது.

"அம்மா உங்க கையைத் தூரத்துல இருந்து பாத்துட்டுத்தான் இருக்காங்க," என்றாள் இப்திஸாம். "பளபளன்னு இருக்கு, வேணும்னே மெழுகு போட்டுக் காப்பாத்துறாரு, வேணாங்கறதை இப்படி மரியாதையாச் சொல்றாருன்னு நெனச்சிட்டாங்க. எனக்குப் பதினெட்டு முடிஞ்சே ஆறு வருஷம் ஆச்சு மாமா."

"ஐயோ! நீயாவது போய்ச் சொல்லேன்."

"நான் தூது போக மாட்டேன். ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்றேன். இந்த மாசக் கடைசியில அம்மா தையல் மெஷினோட என்கூட ஸ்ஃபாக்ஸுக்கு வந்துடறாங்க. அப்புறம் தீவுப் பக்கம் வரமாட்டாங்க."

அன்றிலிருந்து ஃபர்ஜானிக்கும் பட்டைக்கும் போர்.

துறையின் சிமெண்டில் வைத்துத் தேய்த்தார். தோல் உரிந்தது, அவருடைய தோல். டீசலில் ஊறப்போட்டார், நாற்றம் வந்தது, கிழிசல் வரவில்லை. ஒரு கயிற்றில் கட்டி ஃபெர்ரிக்குப் பின்னால் ஸ்ஃபாக்ஸ் வரை கடலில் இழுத்துப் போனார். குளித்துவிட்டு வந்ததுபோல் சுத்தமாக வந்தது. ஷெட்லியின் ஆட்டுக்குக் கொடுத்தார்கள். ஆடு கொஞ்ச நேரம் மென்று, ஷெட்லியை ஒரு பார்வை பார்த்து, துப்பிவிட்டது.

"உனக்குப் புத்தி இருக்கா?" என்றார் ஷெட்லி. "இந்தா கத்தி. ஒரே இழுப்பு. நான் எதையும் பாக்கல."

"அது கள்ளாட்டம்."

"பதினோரு வருஷமா மெழுகு தேய்ச்சியே, அது மட்டும் நல்லாட்டமா?"

"அது தெரியாமப் பண்ணது. இது தெரிஞ்சு பண்றது. அந்தம்மா கையால போட்ட தையலை என் கையால எப்படிடா அறுப்பேன்?"

"அப்ப வேக வச்சுத் தின்னு!"

கோபத்தில் சொன்ன வார்த்தையின் பாதியை ஃபர்ஜானி யோசனையாக எடுத்துக்கொண்டார். எட்டுக்கால் பேய்க்கணவாயை வேகவைக்கும் அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்துப் பட்டையைப் போட்டார். மெழுகு மஞ்சளாக மேலே மிதந்து வந்தபோது, ஏதோ மருந்து கண்டுபிடித்தவர்போல் பூரித்துப் போனார். பூரிப்பு காயும் வரைதான். மெழுகு போனது, அழுக்கு போனது, நிறம் போனது. தையல் மட்டும் அப்படியே இருந்தது. கூடவே பட்டை சுருங்கியும் விட்டது. கடைசி ஓட்டையில் இழுத்துப் பிடித்து மாட்டினால்தான் மாட்ட முடிந்தது. விரல்கள் ஐந்தும் வீங்கிச் சிவந்தன. வெறும் கித்தானும் இன்னும் நாலு வருஷமாவது தாங்கும் என்று அவருக்கே தெரிந்தது. மாசம் முடிய நாலு நாள்கூட இல்லை.

மன்னூபியா புறப்பட்ட காலை, தையல் மெஷினை ஃபெர்ரியின் மேல்தட்டில் கட்டிவைத்தது ஃபர்ஜானிதான். அது ஆடாமல் இருக்க எந்தப் படகுக்கும் போடாத முடிச்செல்லாம் போட்டார். பிறகு இடது கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு தூரமாக நின்றார். ஹாஜி மொக்தாரும் அன்று பயணி. ஷெட்லி காப்பிக்கடையை மூடிவிட்டு, ஸ்ஃபாக்ஸில் எந்த வேலையும் இல்லாமல், ஏறியிருந்தார்.

பாதிக் கடலில் மன்னூபியா எழுந்து நேராக ஃபர்ஜானியிடம் வந்தார்.

"போறதுக்கு முன்னாடி என் வேலையை ஒரு தடவை பாத்துக்கறேன். கையை நீட்டுங்க."

ஃபர்ஜானி நீட்டவில்லை. மன்னூபியாவே பிடித்து இழுத்தார். வெளுத்துச் சுருங்கிய பட்டையையும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்த கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க இதை?"

"வேக வச்சேன்."

"என்னது?"

"வேக வச்சேங்க. டீசல்ல போட்டேன். ஆட்டுக்கும் குடுத்தேன்."

"எதுக்கு?"

"அறுந்து போகட்டும்னுதான்."

மன்னூபியா கொக்கியைக் கழற்றினார். ரத்தம் விரல்களுக்குத் திரும்பியதில் ஃபர்ஜானி "ஸ்ஸ்" என்றார்.

"அப்ப இத்தனை வருஷமா மெழுகு போட்டது?"

"நீங்க தச்சது. அது வெளுத்துப்போய் நூல் பிரிஞ்சு தொங்கினா, நான் அதை மதிக்கலன்னு நெனச்சுக்குவீங்களேன்னு… கை பாட்டுக்குப் போட்டிருச்சுங்க."

மன்னூபியா பட்டையை வெளிச்சத்தில் பிடித்து, தையலை ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அவர் முகத்தில் எரிச்சலும் பெருமையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. இடுப்புப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். மேல்தட்டு மூச்சைப் பிடித்தது. கத்தரிக்கோல் பட்டையின் மேல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மூடிக்கொண்டது.

"இவ்வளவு நல்ல வேலையை வெட்ட எனக்கும் மனசு வரல," என்றார்.

"அப்ப நான் எப்படிக் கேட்கறது?" என்றார் ஃபர்ஜானி. குரல் அழுதுவிடும்போல் இருந்தது.

"நீங்க கேட்க முடியாது. இது அறுந்துபோகணும்ங்கறது உங்களுக்கு வச்ச நிபந்தனை. எனக்கு யாரும் எதுவும் வைக்கலயே." மன்னூபியா தலையை நிமிர்த்தினார். "நான் கேட்கறேன். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

ஃபர்ஜானியின் அகலமான வாய் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல் இல்லாமல் திறந்து மூடியது. அந்த இடைவெளியில் ஹாஜியார் எழுந்தார்.

"நடுக்கடல்ல என்ன கூத்து இது? பொம்பளை வாய்விட்டுக் கேட்கறதா? அவுலியாவோட சம்மதம் இல்லாம…"

"அவுலியாவுக்கு நான் எதுவும் தச்சுக் கொடுக்கலையே, ஹாஜியார்," என்றார் மன்னூபியா. "அவர் அவரோட இடத்துல நிம்மதியா இருக்கட்டும். நீங்களும் உக்காருங்க, அலை அடிக்குது."

அலை உண்மையாகவே அடித்தது. ஹாஜியார் உட்கார வேண்டியதாயிற்று.

"அட, வாயைத் திறந்து சொல்லுய்யா!" என்று கத்தினார் ஷெட்லி. "கடையை மூடிட்டு வந்திருக்கேன்!"

"சரிங்க," என்றார் ஃபர்ஜானி. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "சரி! சரி!" என்றார். உடனே அவருக்குள் இருந்த ஃபெர்ரிக்காரர் விழித்துக்கொண்டார். "அப்ப மெஷினை இறக்க வேணாம்ல? இதே ஃபெர்ரியில திருப்பிக் கொண்டு போயிடலாமா?"

"எதுக்கு? ஸ்ஃபாக்ஸ்ல கடை பிடிச்சாச்சு. நீங்க அங்க வந்து இருங்க. ஃபெர்ரிக்கு ரெண்டு கரை உண்டு. கயிறு எந்தக் கரையில இருந்து போட்டா என்ன?"

ஊர், வீடு, ஆண்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பதா என்ற பேச்சு எல்லாம் ஃபர்ஜானியின் நெற்றியில் வரிசையாக வந்து போனது. யோசித்துப் பார்த்தார். மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. "அதுவும் சரிதான்," என்றார்.

ஸ்ஃபாக்ஸ் துறை நெருங்கியது. கேப்டன் மேலேயிருந்து சைகை காட்டினார், பிறகு கூப்பிட்டார், பிறகு கெட்ட வார்த்தையில் கூப்பிட்டார். கயிறு போட வேண்டிய ஆள், தானே போட்ட அத்தனை முடிச்சுகளையும் அவிழ்க்க முடியாமல், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். ஃபெர்ரி துறைச் சுவரில் டமாரென்று மோதி நின்றது. ஷெட்லி விழுந்தது ஹாஜியார் மடியில்.