சைரன் அடித்தால் எழுந்து போகிறவள்

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஜோதி அழைத்தாள். அன்று எனக்கு வார விடுமுறை, என் அறைத்தோழி சந்திராவுக்கு ஓ.டி., கூடுதல் ஷிப்ட். "அக்கா, வூட்லதானே கீற?" என்று கேட்டாள். அதன்பின் மூச்சு மட்டும்தான் கேட்டது. ஆலையில் நம் லைனில் வாய் ஓயாமல் பேசும் பெண் அவள். அவள் பேசாமல் இருந்ததிலேயே என் கை ஈரச் சேலையை இறுக்கிப் பிடித்துவிட்டது. "சந்திராக்கா ரோட்டத் தாண்டசொல்ல லாரி..." என்றாள். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, நடுத்தடுப்பு உடைந்து ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கிறதே, அங்கே.

அந்த இடைவெளி நம் ஆலையில் வேலை பார்க்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஷிப்ட் முடிந்து அதன் வழியாக ஓடாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. ஆனால் சந்திரா நம்மிலேயே அதிகம் பயந்தவள். அவள் எப்படி அங்கே மட்டும் பயப்படாமல் இருந்தாள் என்ற கேள்வியோடுதான் குன்றத்தூரிலிருந்து மருத்துவமனைக்குப் போனேன். இப்போது அதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதும்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவளை முதலில் கவனித்தது சைரனால்தான். வண்டிகளின் பக்கக் கண்ணாடிகளுக்குப் பின்மூடி செய்து பெயின்ட் அடிக்கும் ஆலை நம்முடையது. பெயின்டில் கலக்கும் தின்னரின் ஆவி காற்றில் அதிகமானால் சைரன் அடிக்க வேண்டும். ஆனால் அது மழை ஈரத்துக்கு அடிக்கும், தரை துடைக்கும் மருந்துக்கு அடிக்கும், சும்மாவும் அடிக்கும். நான் சேர்ந்த புதிதில், சைரன் அடித்ததும் பதறி எழுந்தேன். பரிசோதனை மேஜையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. சந்திரா மட்டும் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே நடந்தாள். கூடும் இடம் என்று எழுதிய பச்சைப் பலகையின் கீழே, வெயிலில் தனியாகப் போய் நின்றாள்.

திரும்பி வருவது லேசான காரியம் இல்லை. வெளியே போனவர்கள் தலைமூடியும் அங்கியும் புதிதாக மாட்டி, உடம்பில் ஒட்டிய தூசியை ஊதித் தள்ளும் காற்று அறையில் நின்று, பிறகுதான் மேஜைக்கு வர முடியும். அதற்குள் அவள் முன்னால் பாகங்கள் குவிந்துவிடும். இலக்கை முடித்த மேஜைக்குத்தான் முதலில் டீ, சூடான போண்டா. அவளோடு ஒரே மேஜையில் இருந்தவர்களுக்கு என்றும் ஆறிய போண்டாதான். லைன் லீடர் மூர்த்தி அண்ணன் வாலாஜாபாத்காரர், குரல் மட்டும்தான் பெரிது. "இன்னாமா இது, தெனத்துக்கும் உன்கோட ரோதனையா கீது. சைரன் அடிச்சா ஓடறதுக்குத்தான் சம்பளமா?" என்பார். "செத்தா சம்பளம் வாங்க வரமுடியாதுல்லாண்ணே" என்று சந்திரா சிரித்துக்கொண்டே சொல்வாள். அவள் இரண்டாம் முறை முயன்றுதான் கையுறையை மாட்டுகிறாள் என்பது கிட்டத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு நாங்கள் ஒரே அறையில் குடியிருந்தோம். சாத்தூர் பக்கத்துப் பெண் அவள். அவளுடைய அக்கா பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர், ஒரு வெடிவிபத்தில் போய்விட்டார். அதைச் சந்திரா ஒரே ஒருமுறைதான் சொன்னாள், அரிசி களைந்துகொண்டே. "பெரிய சத்தம் கேட்டா எங்க ஊர்ல எல்லாரும் தெருவுக்கு வந்துருவாங்கட்டி. வந்து அவங்கவங்க வீட்டு ஆளு பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. கூப்பிட்ட ஆளு பதிலுக்கு ஏன்னு கேட்டா வந்துட்டான்னு அர்த்தம். எங்கக்கா ஏன்னு கேக்கல." அந்த ஒருநாள் சத்தம் அவள் உடம்பில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. எந்தச் சத்தத்துக்கும் அவள் கை சில்லிட்டுவிடும், நாக்கு வறண்டுவிடும். தீபாவளியன்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமைப்பாள். அவளுக்கு அதில் பெருமை எதுவும் இல்லை. "பயந்தாங்கொள்ளின்னு சொல்லாத, ஒடம்பு அப்படிப் பழகிட்டு" என்பாள்.

நான் பஸ்ஸில் புத்தகம் படிப்பவள். படித்ததை யாரிடமும் சொல்வதில்லை, அவளிடம் மட்டும் சொல்வேன். ஒருநாள், விஞ்ஞானிகள் சோதனை செய்த ஒரு நாயைப் பற்றிச் சொன்னேன். மணி அடித்துச் சோறு வைத்துப் பழக்கினார்கள். பிறகு மணிச் சத்தம் கேட்டாலே அதற்கு எச்சில் ஊறியது. சோறு வைக்காமல் மணியை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தபோது மெல்ல மெல்ல ஊறுவது நின்றுபோனது.

"பெறகு?"

"அவ்வளவுதான். மணி வெறும் மணி ஆயிடுச்சு."

"நம்ம சைரன் மாதிரி" என்றாள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஜன்னலில் போய்க்கொண்டிருந்தது. "அப்போ நம்ம லைன்ல இருக்கதெல்லாம் நாய்ங்கியா?" என்று உரக்கக் கேட்டாள்.

முன் இருக்கையிலிருந்து மூர்த்தி அண்ணன் திரும்பினார். "யார நாய்ன்ற?"

"உங்களச் சொல்லலண்ணே. நீங்க மணி அடிக்கற ஆளு."

பஸ்ஸே சிரித்தது. பெட்டிக்குள் அடைத்த எலியின் கதையையும் அன்றுதான் சொன்னேன். கட்டையை அழுத்தினால் தீனி விழும் என்று தெரிந்ததும், எலி அழுத்திக்கொண்டே இருக்கும். அழுத்தும்போது வலித்தால் விட்டுவிடும். "நமக்கு உக்காந்திருந்தா போண்டா, எந்திரிச்சா வசவு. பெறகு யார் எந்திரிப்பா?" என்றாள். இறங்கும்போது, "எலிக்கு மிட்டாய் பிடிக்குமாட்டி?" என்று கேட்டாள்.

அடுத்து ஊருக்குப் போய்வந்தபோது டப்பா நிறையக் கடலை மிட்டாய் கொண்டுவந்தாள். உங்களுக்கு அது நினைவிருக்கும். சைரன் அடித்து வெளியே வந்தவர்களுக்குப் பச்சைப் பலகையின் கீழே ஆளுக்கொரு மிட்டாய். உள்ளே கேட்டால் தரமாட்டாள். முதலில் ஜோதி வந்தாள், தின்பண்டம் என்றால் எதற்கும் துணிந்தவள். பிறகு அவள் பக்கத்து மேஜைக்காரர்கள். கொஞ்ச நாள் போனதும் சந்திரா சிலசமயம் வெறுங்கையை விரித்துக் காட்டுவாள். "இன்னைக்கி இல்ல. அடுத்த வாட்டி இருக்கும், இல்லாமலும் போகும்." அப்போதுதான் ஆட்கள் இன்னும் அதிகமாக வரத் தொடங்கினார்கள். கடைசியில் மூர்த்தி அண்ணனும் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் ஆளு எண்ண வந்தேன்" என்றார். அவருக்கு இரண்டு கொடுத்தாள்.

எங்கள் இருவருக்கும் உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. ஒருநாள் உண்மையாகவே தின்னர் டிரம் ஒன்று கலவை அறையில் சாய்ந்தது. சைரன் அடித்தது. எல்லோரும் எழுந்தோம். சிரித்துக்கொண்டு, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, "சந்திராக்கா, இன்னிக்கு உண்டா இல்லியா?" என்று கையை நீட்டிக்கொண்டு, கல்யாணப் பந்திக்குப் போவதுபோல் நடந்தோம். ஜோதி வாசல்வரை வந்துவிட்டு, லாக்கரில் விட்ட போனை எடுக்கத் திரும்பிப் போனாள். அப்போதுதான் அந்த வாடை வந்தது. சந்திராவின் கை பைக்குள் அப்படியே நின்றது. அவள் முகத்தில் அன்று நான் கண்டதை மறக்க மாட்டேன். உள்ளே ஓடினாள். ஜோதியைச் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தபோது இருவர் கண்ணிலும் நீர் கொட்டியது.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் சந்திரா பலகையின் கீழே உட்கார்ந்தவள் வெகுநேரம் எழவில்லை. "சிரிச்சிக்கிட்டு வாரீங்கட்டி எல்லாரும்" என்றாள். "மிட்டாயோட சேத்து உங்க பயத்தையும் தின்ன வச்சிட்டேன்." அவள் சொன்னது சரிதான். ஆபத்தின் சத்தத்தை இனிப்பின் சத்தமாக மாற்றியிருந்தோம். கால்கள் பழகிவிட்டன. எதற்காக நடக்கிறோம் என்பதுதான் மறந்துபோயிருந்தது. மணிக்கு எச்சில் ஊறும் நாயும், தீனிக்காகக் கட்டையை அழுத்தும் எலியும் ஒரே உடம்புக்குள் இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவள் விதியை மாற்றினாள். வெளியே வந்தால் மட்டும் மிட்டாய் கிடையாது. அவள் முன்னால் போய் நிற்க வேண்டும். "பக்கத்துல யாரு?" என்று கேட்பாள். மேஜையில் நம் வலப்பக்கம் உட்காருகிறவரின் பெயரைச் சொல்ல வேண்டும். "வந்துட்டாளா?" என்பாள். திரும்பி, கண்ணால் பார்த்துவிட்டு, வந்துட்டா என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மிட்டாய். முதல்நாள் எல்லோரும் கேலி செய்தார்கள். "இன்னாக்கா, ஸ்கூல் அட்டெண்டன்ஸா?" என்றாள் ஜோதி. பிறகு கேலி நின்றது. பக்கத்து ஆளைக் கண் தேடும் அந்த ஒரு கணத்தில் எல்லோருடைய முகத்திலிருந்தும் சிரிப்பு போய்விடும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. "பயம் கால்ல இருந்தாப் போதும். மனசுல இருந்தா ஒறக்கம் வராது" என்பாள். எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தவள் அவள்தான். அதனால் நான் ஒவ்வொருமுறையும் அவள் பெயரை அவளிடமே சொல்வேன். "வந்துட்டாளா?" என்று அவளே முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்பாள்.

அந்தச் சாலை இடைவெளியைப் பற்றி ஒருமுறை அவளிடம் பேசியிருக்கிறேன். "சிக்னல் வரைக்கும் நடந்து போலாமா?" என்றேன். "அதுக்குள்ள பஸ் போயிரும்ட்டி, சீட்டும் கெடைக்காது" என்று என் கையைப் பிடித்து ஓடினாள். எதுவும் நேராத ஒவ்வொரு மாலையும், கிடைத்த ஒவ்வொரு ஜன்னல் சீட்டும் அவளுக்கு என்ன கற்றுக்கொடுத்தன என்று இப்போது தெரிகிறது. சைரன் சத்தம் போட்டதால் அவள் விழித்திருந்தாள். சாலை அப்படி எதுவும் செய்யவில்லை. அது ஒவ்வொரு நாளும் அவளைப் பத்திரமாகக் கடக்கவிட்டே அவளிடமிருந்த பயத்தை எடுத்துவிட்டது.

நம்மிடமிருந்தும் எடுத்திருக்கிறது. செத்துப்போன அவளுக்காக இடைவெளியில் போட்ட மாலை வாடுவதற்குள் எல்லோரும் மறுபடி அதன் வழியாகவே போனோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு மாலை எதையோ யோசித்துக்கொண்டு வந்தவள், கன்டெய்னர் லாரியின் ஹாரன் கேட்டுத்தான் நின்றேன். என் ஒரு கால் சாலையில் இருந்தது. அதை நான் வைத்ததாக நினைவே இல்லை.

இரண்டொரு நாளில் சைரன் அடித்தது. வெறும் மழை ஈரம்தான். ஆனால் எல்லோரும் எழுந்தோம், யாரும் சிரிக்கவில்லை. பலகையின் கீழே மிட்டாய் கொடுக்க யாரும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் வரிசையில் நின்றோம். அவள் நிற்கும் இடத்தில் ஜோதி போய் நின்று கேட்கத் தொடங்கினாள். என் முறை வந்தது.

"பக்கத்துல யாரு?"

"சந்திரா" என்றேன். யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது.

"வந்துட்டாளா?" என்றாள் ஜோதி. அவள் வாயும் யோசிக்கவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். பழக்கம் அப்படி. வலப்பக்கம் பச்சைப் பலகையும் அதற்கப்பால் மதில் சுவரும் இருந்தன. ஜோதி இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். மூர்த்தி அண்ணன் தலைமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை சாலையோரத்தில் நின்று, "பக்கத்துல யாரு?" என்று ஜோதியிடம் கேட்டேன். அவள் என் பெயரைச் சொல்லி, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சிக்னல் வரை நடந்தோம். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. மூர்த்தி அண்ணன் மூச்சிரைக்கப் பின்னால் வந்து, "ஷேர் ஆட்டோல எனக்கும் ஒரு எடம் வைங்கமா" என்றார். அவர் சட்டைப்பையிலிருந்து மூன்று கடலை மிட்டாய்கள் வந்தன. சாலையைத் தாண்டிய பிறகுதான் கொடுத்தார்.

சந்திராவின் பெட்டியை அவளுடைய அண்ணன் சாத்தூருக்கு எடுத்துப் போய்விட்டார். மிட்டாய் டப்பாவும் அதற்குள் போய்விட்டது. அவளுடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான். வண்டி வரும் சத்தம் கேட்டால் இப்போது என் கை சில்லிட்டுவிடுகிறது. முன்பு அப்படி ஆனதில்லை. எதுவும் நேராத நாட்கள் வரிசையாக வந்து இதையும் மெல்ல எடுத்துப் போய்விடுமோ என்று நினைக்கும்போது நாக்கு வறண்டுவிடுகிறது. வறளட்டும். வைத்துக்கொள்கிறேன்.